சாம்பல் ஊர்க்கு, ஆற்றல் யார்க்கு?

திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையில், கொற்றலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சூழ்ந்து, தமிழ்நாட்டின் பெரும் அனல்மின் நிலையங்கள் வரிசையாய் நிற்கின்றன. அத்திப்பட்டில் அமைந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் 630 மெகாவாட்டு. இரண்டாங் கட்டம் 1200 மெகாவாட்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கி வைக்கப்பெற்ற மூன்றாங் கட்டம் 800 மெகாவாட்டு. அருகே வல்லூரில், நடுவணரசின் அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக அமைத்த நிலையம் 1500 மெகாவாட்டு. ஆக 4130 மெகாவாட்டு ஆற்றலுக்கான உலைகள் ஒரு மாவட்டத்தின் ஒரே கழிமுகத்தின் கரையில் குவிந்துள்ளன! இவை போதாவென்று, வடசென்னை நிலையத்தின் சாம்பற்குட்டை கிடந்த நிலத்திலேயே, 660 மெகாவாட்டுப் பொறித்தொகுதிகள் இரண்டினைக் கொண்ட மற்றொரு நிலையத்தை எழுப்பும் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

இம் மின்னால் ஒளிபெறும் ஊர்கள் பல. இதன் சாம்பலைச் சுமக்கும் ஊர்களோ சில. நீரொடு கலந்து குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பற்குட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்ட சாம்பல், குழாய் உடைந்த இடந்தோறும் ஆற்றிலும் உப்பங்கழியிலும் படிந்தது. இறாலும் நண்டும் மீனும் பெருகிய கழி மேடிட்டது. காட்டுக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கழியையே நம்பி வாழ்ந்தோர், சேற்றுக்குப் பகரமாகச் சாம்பலில் கால்வைக்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் பசுமைத் தீர்ப்பாயம் இச் சாம்பற்கேட்டின் பொறுப்பை மின்கழகத்தின்மேல் வைத்துத் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் ஆற்றின் அடியில் படிந்தது தீர்ப்பால் மட்டும் கரைந்துவிடுவதன்று.

மின்னைப் பற்றிய பேச்செல்லாம் மெகாவாட்டுக் கணக்காகவும் கட்டணக் கணக்காகவுமே நடைபெறுகின்றது. எவர் எரிப்பது, எவர் புகையுண்பது, எவர் ஆள்வது என்பதை வகுப்பதே மின்கொள்கை. இவ் உண்மை மறைக்கப்படுகின்ற வரையில், நிலக்கரி போய்க் காற்றும் கதிரும் வந்தாலும் மக்கள் நிலை மாறாது. எரிபொருள் மாறும், ஏமாற்றம் மாறாது.

கணக்கைப் பார்த்தல்

தால்சரில் வெட்டப்படும் நிலக்கரி, தொடர்வண்டியில் ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறி எண்ணூர் வருகின்றது. 2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே பெரிதும் இந் நிலக்கரிக்காகத்தான். ஓர் அலகு மின்னை ஆக்க ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிய வேண்டும். எரிந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும்.

இனி, அதே மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கும்மிடிப்பூண்டிக்கு வருவோர் காண்பது என்ன? ஆந்திர எல்லையை ஒட்டிய அத் தொழிற்பேட்டையில், கழிவிரும்பை உருக்கி வீடுகட்டும் கம்பியாக இழுக்கும் உருக்காலைகள் பல உள்ளன. மின்னுலையில் ஆயிரம் கிலோ இரும்பை உருக்க ஏறத்தாழ 600 அலகு மின் செலவாகும். அம் மின் அனல்மின்னாயின், அதற்கு 450 கிலோ நிலக்கரி எரிந்திருக்கும். 150 கிலோ சாம்பல் எஞ்சியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஆயிரம் கிலோ கம்பி வெளிவருந்தோறும், எண்ணூர்க் கழியோரத்தில் 150 கிலோ சாம்பல் குவிகின்றது என்பதே இதன் பொருள். உருக்காலைப் புகையைப் பாப்பன்குப்பத்தாரும் பெத்திக்குப்பத்தாரும் உண்கின்றனர். அவ் வாலைக்கு மின் கொடுத்த உலையின் சாம்பலைச் செப்பாக்கத்தார் உண்கின்றனர். ஒரே மாவட்டம், ஒரே கம்பிக்கு, இருமுறை விலை கொடுக்கின்றது. கம்பி எங்கோ மாளிகையாக எழுகின்றது.

இதனால் ஆலைகளை இழுத்து மூடுக என்று எவரும் கூறார். அவ் வாலைகளில் பல்லாயிரவர் உழைத்து உண்கின்றனர். ஆலை இயங்க வேண்டும். அதற்கு மின் வேண்டும். அம் மின் மண்ணைக் கொல்லாததாக இருத்தல் வேண்டும். அத்தகைய மின் தமிழ்நாட்டில் உண்டா என்பதே வினா. உண்டு, மிகுதியாகவே உண்டு.

காற்று வீசியும் இருண்ட காலம்

2008ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2013 வரை தமிழ்நாடு பட்ட மின்னிடரை மறந்தவர் இலர். உயரழுத்த மின் வாங்கும் தொழிற்சாலைகளுக்கு நாற்பது விழுக்காடு வெட்டு விதிக்கப்பட்டது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலும் மின்னின்றிக் கிடந்தன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் இவ் வெட்டுக்குத் தப்பவில்லை. டீசல் பொறி வைத்துக்கொள்ள வசதியிருந்தவர் பிழைத்தனர். இல்லாத சிறுதொழிலார் கதவடைத்தனர்.

அதே ஆண்டுகளில் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் ஆடிக்காற்று ஓயாமல் வீசியது. காற்றாலைகள் சுழல அணியமாய் நின்றன. ஆயினும், அம் மின்னை வடக்கே கொண்டுவரப் போதிய உயரழுத்தக் கம்பித் தடங்கள் இல்லாமையால், காற்றுப் பருவத்தின் உச்சத்திலேயே காற்றாலைகளை நிறுத்திவைக்கும்படி ஆணைகள் பிறந்தன. தெற்கே மின் வீணானது. வடக்கே ஆலை இருண்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று உழவன் சொன்னதை மின்வாரியம் கேட்கவில்லை. காற்றாலை நட்டோர் தடம் அமைக்க மறந்ததன் விலை அது.

அக்காலத்து மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வடநாட்டு மின்தொகுப்பு சரிந்து, ஏறத்தாழ அறுபது கோடி மக்கள் மின்னிழந்தனர். அந்நாளில் தென்னக மின்தொகுப்பு அதனொடு முழுமையாக இணையாதிருந்தமையால் தெற்கு தப்பியது. 2013 திசம்பர் 31 அன்று இராய்ச்சூர் - சோலாப்பூர்த் தடத்தின் வழியே இரண்டும் இணைந்தன. இணைப்பால் பற்றாக்குறைக் காலத்தில் மின் வாங்க வழி பிறந்தது உண்மையே. அதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால், இணைந்த தொகுப்பை ஆளும் விதிகள் எங்கே எழுதப்படுகின்றன, எவர் நலனுக்காக எழுதப்படுகின்றன என்பது அன்று எழுப்பப்படாத வினா. இன்று அதுவே முதல் வினா.

விதைத்தவர் யார், அறுத்தவர் யார்?

1986ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழ்நாட்டு மின்வாரியம் தன் முதற் காற்றாலைகளை நட்டது. காற்றிலிருந்து மின் எடுக்கலாம் என்பதைப் பொதுமக்கள் பணத்தைக் கொண்டு மெய்ப்பித்தது அரசுத்துறையே. அதன்பின் நடந்தது என்ன? தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்த ஆற்றல் 2023ஆம் ஆண்டுக்குள் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்தது. அதில் மின்வாரியத்தின் சொந்தக் காற்றாலைகளோ இருபது மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. விதைத்தவர் பொதுமக்கள், அறுத்தவர் தனியார்.

அத் தனியாரும் காற்றின்மேல் கொண்ட காதலால் வந்தவரல்லர். காற்றாலைப் பொறியின் தேய்மானத்தை முதலாண்டிலேயே பெரும்பகுதி கழித்துக்கொள்ளலாம் என்னும் வருமானவரிச் சலுகையே பலரை அழைத்து வந்தது. 2012இல் நடுவணரசு அச் சலுகையை நிறுத்தியவுடன் புதுக் காற்றாலைகள் நடுவது சட்டெனச் சுருங்கிற்று. 2014இல் மீண்டும் அளித்த பின்னரே உயிர்த்தது. தமிழ்நாட்டுக் காற்று வீசுவது எப்போதும்போலத்தான். அதனை மின்னாக்குவதும் ஆக்காமல் விடுவதும் தில்லியில் எழுதும் ஒரு வரியால் முடிவாகின்றது. நெடுங்காலம் இந்தியாவில் முதலிடத்தில் நின்ற தமிழ்நாட்டை 2023இல் குசராத்து முந்தியது. நல்ல காற்றிடங்களில் நாற்பதாண்டுப் பழமையை நெருங்கும் சிறு பொறிகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, அவற்றை அகற்றிப் பெரும்பொறி நடுவதற்கான மாநிலக் கொள்கை 2024இல்தான் வெளிவந்தது.

கதிரொளி மின்னின் கதையும் இதற்கு வேறன்று. 2015இல் இராமநாதபுர மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டுக் கதிரொளி நிலையம் அமைக்க அதானி குழுமத்தொடு ஒப்பந்தம் ஆயிற்று. விலை அலகுக்கு 7 உருபா 1 காசு. காலம் 25 ஆண்டு. அது மின் ஒழுங்காணையம் வரையறுத்த விலையே என்பது அரசின் விடை. விடை இருக்கலாம். ஆனால், 2017இல் இராசத்தானத்துப் பத்லாவில் போட்டி ஏலத்தில் விலை 2 உருபா 44 காசுக்கு இறங்கிற்று. அதே ஆண்டில் தமிழ்நாட்டு ஏலத்திலும் 3 உருபா 47 காசுக்குத் தர முன்வந்தனர். ஆண்டுதோறும் விலை சரியும் ஒரு பொருளைக் கால்நூற்றாண்டுக்கு ஒரே விலையில் வாங்க ஒப்பிய கொள்கையை என்னென்பது? கதிரவன் விலை கேட்பதில்லை. விலை கேட்பவர் நடுவில் நிற்பவரே. மின்வாரியத்தின் கடன் ஓரிலக்கம் கோடி உருபாவைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆயின. 2022இல் தொடங்கி அடுத்தடுத்து ஏற்றப்பட்ட கட்டணத்தில் அக் கடனின் சுமையே எளியவர் வீட்டுக் கதவைத் தட்டுகின்றது.

தில்லியின் கை

இந்திய அரசியற் சட்டத்தில் மின் பொதுப்பட்டியலில் உள்ளது. மின்னை ஆக்குவதற்கு நிலம் தருவதும், புகை உண்பதும், விலைக்கு விற்று வசைகேட்பதும் மாநிலம். விதி எழுதுவது நடுவணரசு. 2003ஆம் ஆண்டின் மின்சட்டம், ஆக்குதல், கடத்தல், பகிர்தல் என மூன்றாகப் பிரித்து, முதலிலே தனியார்க்குக் கதவைத் திறந்தது. 2022இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட திருத்த வரைவோ, அரசின் கம்பியிலேயே பல நிறுமங்கள் மின்விற்க வழிதேடிற்று. வருவாய் மிக்க தொழிற்பேட்டைகளைத் தனியார் பொறுக்கிக்கொண்டால், குடிசைக்கும் கழனிக்கும் மின் கொடுக்கும் சுமை மட்டும் அரசு வாரியத்தின் தலையில் எஞ்சும். கும்மிடிப்பூண்டியின் கட்டணம் போய்விட்டால் கூலியாள் வீட்டு விளக்குக்கு எவர் பொறுப்பு? மாநிலங்களும் மின்தொழிலாளரும் உழவரும் எதிர்த்தமையால் அவ் வரைவு நிலைக்குழுவுக்குப் போயிற்று. வரைவு சட்டமாகவில்லை, ஆயினும் அதன் எண்ணம் மாளவில்லை.

இன்னொன்று. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கதிரொளி மின்னுக்கும் காற்று மின்னுக்கும் தடக்கட்டணம் இல்லையென்று நடுவணரசு அளித்த சலுகை, 2025 சூன் 30 வரை தொடங்கப்பெறும் நிலையங்களுக்குச் செல்லுபடியாயிற்று. இதனால் இராசத்தானப் பாலையிலும் குசராத்திலும் பெருநிலையங்கள் எழுந்தன. அங்கிருந்து ஆயிரங்கல் தொலைவு கடந்துவரும் மின்னுக்குத் தடச்செலவு இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே கயத்தாற்றிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் மின்னுக்குத் தடச்செலவு உண்டு! மண்ணின் காற்று, தன் மண்ணிலேயே சுங்கம் கட்ட, தொலைவின் கதிர் சுங்கமின்றி நுழையும் விந்தை இது.

குற்றமெல்லாம் தில்லியின்மேல் ஏற்றிவிட்டுத் தமிழ்நாட்டு ஆட்சியர் கைகழுவவும் இயலாது. தன் கூரைமேல் தானே ஆக்கிக்கொள்ளும் கதிரொளி மின்னுக்கும் சிறுதொழிலாரிடம் கம்பிக்கட்டணம் கேட்டது இம் மாநிலமே. அவர்கள் போராடிய பின்னர், 2023இல் சிறுதொழில்கட்கு அதனைப் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. கூரைமேல் விழும் வெயிலுக்கு வாடகை கேட்கும் அரசு, காற்றின் உரிமை பற்றித் தில்லியிடம் எங்ஙனம் வாதிடும்?

பிற நாடுகள் கற்பிப்பன

வளரும் நாடுகள் பலவும் இவ் வழியில் நடந்து பார்த்துள்ளன. வியட்நாம், அலகுக்கு 9.35 அமெரிக்கச் செண்டு என நல்விலை அறிவித்ததும், 2020 முடிவதற்குள் 16,000 மெகாவாட்டுக்கு மேல் கதிரொளி நிலையங்கள் முளைத்தன. தடங்கள் ஆயத்தமாகாமையால் ஆக்கிய மின்னைக் கொட்டுதற்கு இடமின்றித் தவித்தது. முப்பந்தலில் தமிழ்நாடு கற்ற பாடத்தையே அந்நாடும் பெருவிலை கொடுத்துக் கற்றது.

பாக்கித்தானத்தில் வேறொரு பாடம். தனியார் அனல்மின் நிலையங்களுக்கு, மின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பணம் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்களால் கட்டணம் வானளாவிற்று. பொறுக்காத மக்கள் 2024 ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17,000 மெகாவாட்டு அளவுக்குச் சீனக் கதிர்த்தகடுகளை வாங்கிக் கூரையில் பரப்பினர். வசதியுள்ளோர் வெளியேறினர், தகடு வாங்க இயலாத ஏழைமேல் பழைய ஒப்பந்தத்தின் சுமை முழுதும் சாய்ந்தது. திட்டமின்றி வரும் பசுமையும் ஏழையைச் சுடும்.

மூன்றாவது பாடம் தமிழீழ மண்ணிலேயே உண்டு. மன்னார்த் தீவில் 2020ஆம் ஆண்டு இறுதியில் இலங்கை மின்சாரச் சபை முப்பது காற்றாலைகளைக் கொண்ட நிலையத்தை நட்டது. அதன்பின் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டு நிலையங்கள் அமைக்க அதானி குழுமம் வந்தது. அலகுக்கு 8.26 அமெரிக்கச் செண்டு என்று விலை பேசப்பட்டது. விலை மிகை என்றும், வலசைப் பறவைகளின் வழி மறிக்கப்படும் என்றும் வழக்குகள் எழுந்தன. விலையைக் குறைக்கப் புதிய அரசு முனைந்ததும், 2025 பிப்ரவரியில் அக் குழுமம் விலகிக்கொண்டது. எனினும் மன்னார்த் தமிழர் 2025இல் தெருவில் இறங்கிப் போராடும் நிலை தீரவில்லை. அவர்கள் காற்றாலையை வெறுப்பவரல்லர். கொழும்பு விலைபேச, வெளியார் நட, மன்னாரார் மணலையும் மீனையும் இழப்பதையே எதிர்த்தனர். எண்ணூர்க் கழியில் சாம்பல் செய்ததை மன்னாரில் காற்றாலை செய்ய இயலும். மண்ணுக்குரியவரைக் கேளாது நடப்படுமாயின்.

உலைக்குப் போதுமா?

'வெயிலும் காற்றும் விளக்கெரிக்கும், இரும்பு உருக்குமா?' என்று கேட்போர் உளர். கேள்வி பொருளுடையது; விடை கணக்கிலிருந்தே வரவேண்டும். ஒரு கிலோவாட்டுக் கதிர்த்தகட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி கூரை வேண்டும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். ஓரிலக்கம் சதுர அடிக் கூரையுள்ள ஆலை 1000 கிலோவாட்டு நிறுவி 4000 அலகு பெறும். அது ஏழாயிரம் கிலோ இரும்பை உருக்கவும் போதாது. ஆகவே கூரைவெயிலால் மட்டும் உருக்காலை நடவாது. ஆனால் 2500 சதுர அடியில் 25 கிலோவாட்டு நிறுவும் கடைசற்பட்டறைக்கு நாளொன்றுக்கு 100 அலகு கிடைக்கும்; அதன் தேவை பெரும்பாலும் தீரும்.

உருக்காலைக்குக் காற்று வேண்டும். நல்ல காற்றிடத்தில் நட்ட 3 மெகாவாட்டுக் காற்றாலை ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 75 இலக்கம் அலகு தரும். அதைக்கொண்டு ஒரு கோடியே 25 இலக்கம் கிலோ இரும்பை உருக்கலாம். அது பருவத்தில் பொங்கிப் பருவமல்லாதபோது மெலியும் என்பதே குறை. அக் குறையை நிரப்பும் கலையைத் தமிழ்நாடு முன்னரே கற்றுள்ளது. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1987 முதல் இயங்குகின்றது. மின் மிகும்போது கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றுகின்றது. மின் குறையும்போது அந் நீரை இறக்கி 400 மெகாவாட்டு தருகின்றது. வெயிலும் காற்றும் மிகும் பொழுதின் மின்னை இருள் வந்தபின் தரும் சேமக்களஞ்சியம் இதுவே. அதுபோன்ற 500 மெகாவாட்டுக் குந்தாத் திட்டமோ ஒப்புதல் பெற்றும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சாம்பல்மேல் அனல்மின் நிலையம் எழுப்பக் காட்டிய விரைவில் பாதியை நீர்க்களஞ்சியத்துக்குக் காட்டியிருப்பின், இன்று எண்ணூர் மூச்சு விட்டிருக்கும்.

கட்டண முறையும் மாறவேண்டும். இரவு பத்து மணிக்குமேல் மின் நுகரும் ஆலைக்கு 5 விழுக்காடு தள்ளுபடி என்பது நெடுங்காலம் நடப்பிலிருந்த முறை. இரவில் உலைகள் அணையாது எரிந்த நிலக்கரிக் காலத்துக் கணக்கு அது. வெயில் மின் பெருகும் நண்பகலே இனி மலிவுக்குரிய பொழுது. நண்பகலில் உருக்கினால் ஆலைக்கு மலிவு. தொழிலாளிக்கு இரவுத் தூக்கம். ஊர்க்கு இருளில் மறைந்து வெளியேறும் புகையினின்று விடுதலை.

செய்ய வேண்டியன

முதலாவது, எண்ணூர்க் கழியைச் சூழ்ந்து இனியொரு நிலக்கரி உலையும் எழலாகாது. பழைய உலைகள் மூடுங் காலம் ஆண்டு குறித்து அறிவிக்கப்படல் வேண்டும். 450 மெகாவாட்டு எண்ணூர் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டதால் நாடு இருண்டுவிடவில்லை.

இரண்டாவது, 2024இல் தமிழ்நாடு அமைத்த பசுமை மின்கழகம், தனியார்க்கு ஏலம் விடும் அலுவலகமாக ஒடுங்காது, தானே காற்றாலையும் கதிர்நிலையமும் நீர்க்களஞ்சியமும் உடையதாக வளர்தல் வேண்டும். இருபது மெகாவாட்டுக்குள் நிற்கும் வெட்கம் தீரவேண்டும்.

மூன்றாவது, சிறுதொழிலாரின் கூரைமேல் கம்பிக்கட்டணம் முற்றும் நீங்குதல் வேண்டும். தொழிற்பேட்டையின் பட்டறையார் கூட்டுறவாகச் சேர்ந்து தெற்கே காற்றாலை உடைமை கொள்ளவும் வழி வேண்டும்.

நான்காவது, சாம்பல் சுமந்த ஊர்களுக்குக் கழிமுகத்தைத் தூர்வாரித் திருப்பித் தருதல் வேண்டும். புதுநிலையம் எதுவாயினும் அவ் வூரார் இசைவின்றி எழலாகாது.

ஐந்தாவது, மின்னின்மேல் மாநிலத்துக்குள்ள உரிமை முழுமையாதல் வேண்டும். காற்று வீசும் நிலமும், கதிர் விழும் கூரையும், புகையுண்ணும் மக்களும் தமிழ்நாட்டில் இருக்க, விதிமட்டும் வேறிடத்தில் இருத்தல் முறையன்று.

பைக்காரா 1932இல் ஒளிர்ந்தது. மேட்டூர் 1937இல் ஒளிர்ந்தது. அவ் விளக்குகள் பொதுவுடைமையாய் ஏற்றப்பட்டமையாலேயே உழவன் கிணற்றுக்கும் ஏழை குடிலுக்கும் ஒளி எட்டிற்று. காற்றும் கதிரும் அவ்வாறே பொதுவுடைமையாகுமா, அன்றி வேலியிட்ட தனியுடைமையாகுமா என்பது இவ் விருபதாண்டுக்குள் முடிவாகிவிடும். 25 ஆண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தான பின்னர் எழுப்பும் குரல், உடைந்த குழாயின் சாம்பல்போல் ஆற்றோடு போகும். தமிழர் கேட்க வேண்டிய காலம் கையெழுத்துக்கு முன்னுள்ள காலமே.